நாற்பத்தோராவது தலை

அந்த ஆஸ்பத்திரிக்கு நான் முதன்முதலில் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பஸ்ஸைவிட்டு இறங்கி, சவரப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மதிலோரமாகவே கால் மணி நேரம் நடந்தேன். அவ்வளவு நீள மதில். உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். சில்லுகள் எல்லாம் உள்பக்கம் சாய்ந்திருந்தன. வெளியிலிருந்து திருடன் வருவான் என்று பயந்து கட்டிய மதில் இல்லை அது.

வாசல் காவல்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தார்.

"முடி இருக்கு. போலாம்," என்றார்.

அவருடைய சட்டம் அவ்வளவுதான். மொட்டை என்றால் உள்ளே, முடி என்றால் வெளியே. முப்பது வருஷமாக அந்தக் கதவில் அவர் தலைகளைத்தான் பார்த்திருக்கிறார். முகம் பார்த்துப் பழகிவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்காது என்று பிறகொரு நாள் என்னிடம் சொன்னார். நல்ல மனுஷன். தொப்பி போட்டவர்கள் வந்தால்தான் கொஞ்சம் குழம்புவார்.

எனக்கு ஆண்கள் வார்டில் வேலை. வாரம் ஒரு நாள், நாற்பது தலை. அது மனநோய் ஆஸ்பத்திரி என்று போர்டில் இருந்தது. நான் பார்த்தவரை அங்கே நிஜமாகவே மனசு கெட்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாவம், ராத்திரி பகல் தூங்காமல் சுவரோடு பேசுவார். இன்னொருவர் பெரிய டாக்டர். மற்றவர்கள் வீட்டுக்கு வேண்டாதவர்கள். ஒருவர் நகராட்சிக் குழாயில் புழு வருகிறது என்று நானூறு மனு எழுதியவர். ஒருவர் மகன்களுக்கு வீட்டை எழுதிவைக்க மாட்டேன் என்றவர். ஒருவர் முதலாளி பேசும்போது சிரித்துவிட்டார். அதுவும் மூன்று தடவை.

தாழ்வாரத்தின் ஒரு கோடியில் என் நாற்காலி, சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. கண்ணாடி கிடையாது. கண்ணாடி ஆயுதமாம். கையில் பளபளவென்று சவரக்கத்தியோடு நான் நிற்பது மட்டும் அந்த விதியின் கண்ணில் படவில்லை.

"நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கட்டுமா? வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு," என்று வார்டரைக் கேட்டேன். வார்டர் பெருத்த உடம்புக்காரர். இடுப்பில் சாவிக்கொத்து.

"வேணாம்பா. மூஞ்சியப் பாத்தா பேச ஆரம்பிச்சிடுவாங்க. பேசினா நியாயமாப் பேசுவாங்க. அதுதான் தொந்தரவு."

ஆகவே எனக்கு அங்கே முகங்கள் தெரியாது. பிடரிகள் தெரியும். மனுக்காரருக்கு இரட்டைச் சுழி. சிரித்தவருக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். தாழ்வாரத்தின் மறு கோடியில் குமாஸ்தா மேஜை போட்டு ரெஜிஸ்டரை விரித்து வைத்திருப்பார். மொட்டை அடித்துக்கொண்டவர் அவரைத் தாண்டிப் போகும்போது, சட்டையில் தைத்த நம்பரைப் பார்த்து ஒரு கோடு போடுவார். தலை நிமிர மாட்டார். நாற்பது வரி, நாற்பது கோடு.

அன்று நாற்பதாவது தலை முடியும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. தாழ்வாரத்தில் வெளிச்சம் பழுப்பாகிவிட்டது. போர்வைத் துணியை உதறினேன். குனிந்து கத்தியைத் துடைத்தேன். நிமிர்ந்தேன்.

நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

காலடிச் சத்தம் கேட்கவில்லை. அந்த நாற்காலி, பூனை ஏறினால்கூடக் கிறீச்சிடும். அதுவும் கேட்கவில்லை.

வாரம் தவறாமல் மொட்டை அடிக்கும் வார்டில் அந்த ஆளுக்குத் தோள்வரை முடி. ஈர முடி. இப்போதுதான் தலை முழுகி எழுந்தவர்போல நுனியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. பாசி வாடை. பல நாள் கழுவாத தொட்டியின் அடியில் கையைவிட்டுக் கலக்கினால் வருமே, அந்த வாடை.

எனக்கு என்ன தெரியும்? வேலைக்குப் புதுசு. கத்தியை எடுத்தேன்.

தலையைத் தொட்ட விரல் விறைத்தது. குளிர் என்று அதைச் சொல்ல முடியாது. மனிதத் தலை சும்மா இருக்கவே இருக்காது. மூச்சுக்கு அசையும், நெற்றிப்பொட்டில் துடிக்கும், கத்தி பட்டால் தோல் சுருங்கும். ஆயிரம் தலை பார்த்த கை இது.

இந்தத் தலை சும்மா இருந்தது.

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. கீழே பார்த்தால் முடி இல்லை. தண்ணீர்தான் இருந்தது. பிடரியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஈரம்.

"எழுதியாச்சா?"

குரல் எனக்கு முன்னாலிருந்து வந்ததா, காலடியில் தேங்கிய தண்ணீரிலிருந்து வந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"எதை?" என்றேன். கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம்.

அவர் எழுந்து தாழ்வாரத்தில் நடந்து போனார். குமாஸ்தாவைத் தாண்டும்போது குமாஸ்தா தலை நிமிரவில்லை, கோடும் போடவில்லை. ரெஜிஸ்டரை மட்டும் தன் பக்கமாக நாலு விரல்கடை இழுத்துக்கொண்டார், சொட்டு விழாமல்.

வார்டரிடம் போனேன். "நாற்பத்தொரு தலை ஆச்சு."

"நாற்பது."

"நான் அடிச்சது நாற்பத்தொண்ணு."

"முதல் நாள் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்று சாவிக்கொத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "உனக்கு முன்னாடி இருந்தவரும் சொன்னாரு. ரெண்டு வாரத்துல பழகிடுச்சு. நாற்பதுன்னு சொல்லிட்டுக் கை கழுவிட்டுப் போ."

பழகிப்போன பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரி திறந்த புதிதில் ஓர் ஆளைச் சொந்தக்காரர்கள் பொழுது சாய்கிற நேரத்தில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். குமாஸ்தா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நாளைக்கு எழுதிக்கலாம் என்று உள்ளே அனுப்பினார்கள். மறுநாள் ஆள் துணி துவைக்கிற தொட்டிக்குள் கிடந்தான். ரெஜிஸ்டரில் வராத ஆளை எப்படிச் செத்ததாக எழுதுவது? எழுதவில்லை. மதிலுக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள், வேலை முடிந்தது.

"அவனுக்கு அது பத்தலபோல," என்றார் வார்டர்.

இதெல்லாம் பெரிய பயமாக எனக்கு அப்போது தெரியவில்லை. வாரம் ஒரு தலை கூடுதல், அவ்வளவுதான். வளவளவென்று பேச்சுக் கொடுக்காத வாடிக்கையாளர். உயிரோடிருக்கும் சிலரைவிட மேல். ஒவ்வொரு செவ்வாயும் கடைசியாக வருவார், "எழுதியாச்சா?" என்பார், "இன்னும் இல்லைங்க," என்பேன், போய்விடுவார்.

ஆறு மாதம் இப்படிப் போனது. அப்போதுதான் என் அண்ணனைக் கொண்டுவந்தார்கள்.

அண்ணன் ஒரு தையல்காரரோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். விஷயம் அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து சமைத்தார்கள், சேர்ந்து கடை பூட்டினார்கள், மழை வந்தால் ஒரே குடையில் வந்தார்கள். ஏழு இடத்தில் பெண் பார்த்துச் சொல்லியும் அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். ஊருக்கு அது ஒரு வியாதியாகத் தெரிந்தது. சித்தப்பாவுக்குப் பெரிய டாக்டரோடு பழக்கம் உண்டு. ஒரு வியாழக்கிழமை வேலை விஷயமாக ஓர் ஆளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி மட்டும் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் அப்பா முன்னால் போய் நின்றேன்.

"அண்ணன் பைத்தியம் இல்லப்பா."

"யாருடா பைத்தியம்னு சொன்னா? கொஞ்ச நாள் உள்ள இருக்கட்டும். எனக்கு வெளிய தலை காட்ட முடியல."

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

சித்தப்பா என் தோளில் கை போட்டார். "உனக்கு நல்ல கைராசி. நீயே முடியை இறக்கிவிடு. வெளி ஆள் கையில கொடுக்கறதுக்கு நம்ம வீட்டுக் கை மேல் இல்லையா?"

அங்கே நடைமுறை இதுதான். புதிதாக வருகிற ஆள் அடுத்த செவ்வாய்வரை தனி அறையில், சொந்தச் சட்டையோடு இருப்பார். செவ்வாயன்று தலை மழிப்பார்கள், நம்பர் சட்டை போடுவார்கள், குமாஸ்தா பெயர் எழுதுவார். எழுதிவிட்டால் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரலாம். அவர் அப்படிக் கையெழுத்துப் போட்டு அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

ஆக, அண்ணனுக்கும் அந்த ரெஜிஸ்டருக்கும் நடுவில் இருந்தது என் கத்தி ஒன்றுதான்.

ஐந்து நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. செவ்வாய் வந்தது. வாசலுக்கு எதிரே டீக்கடையில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். வியாழனிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாராம். கடைக்காரர் அவரைச் சுற்றித்தான் பெஞ்சைத் துடைத்தார்.

உள்ளே நீளப் பெஞ்சில் வரிசையாக நாற்பது பேர். கடைசியில், கட்டம் போட்ட சொந்தச் சட்டையில் அண்ணன். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் குளிர் காயலாமே என்று சொல்லக்கூடிய ஆள்.

ஒவ்வொரு தலையாக முடித்தேன். வேண்டுமென்றே மெதுவாக. வெளிச்சம் பழுப்பாகிறவரை இழுத்தடித்தேன். நாற்பதும் போனபின் அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கத்தி தீட்டியிருக்கியாடா?" என்றார் மெல்ல. கை மட்டும் நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அண்ணே, எந்திரிங்க."

"ஏன்?"

"இந்த சீட்டுக்கு ஆள் வர்ற நேரம்."

"யாருடா?"

"வந்தா பாருங்க. பாத்துட்டு சத்தம் மட்டும் போடாதீங்க."

அவரைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினேன். வார்டர் சாவிக்கொத்தோடு அந்தக் கோடியில் குமாஸ்தாவோடு பேசிக்கொண்டிருந்தார். குனிந்தேன். கத்தியைத் துடைத்தேன். நிமிர்ந்தேன்.

பாசி வாடை.

தூணுக்குப் பின்னாலிருந்து அண்ணன் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. வெளியே விடுகிற சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

இருபத்தைந்து வாரமாக மழித்த தலைதான். அன்றைக்குக் கத்தியை வேகமாக ஓட்டினேன். முடித்தேன். அண்ணனுக்காகத் தைத்து மடித்து வைத்திருந்த நாற்பத்தொன்றாம் நம்பர் சட்டையை எடுத்து அந்தத் தோளில் போட்டேன். போட்ட உடனே நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எழுதியாச்சா?"

"இப்ப எழுதுவாங்க," என்றேன். "நேராப் போங்க."

அவர் நடந்தார். அன்றைக்கு ரெஜிஸ்டரில் நாற்பத்தோராவது வரி காலியாகக் காத்திருந்தது. மேஜை முன்னால் ஒரு மொட்டைத் தலையும் ஒரு நம்பரும் வந்து நின்றன. குமாஸ்தாவுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பேனாவை எடுத்தார்.

"பேரு?"

அவர் என் அண்ணன் பெயரைச் சொன்னார்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்பா பெயரையும் சொன்னார். வீட்டு விலாசத்தையும் சொன்னார். எங்கள் வீட்டுக் கதவு என்ன நிறம் என்பதுவரை சொன்னார். அதை யாரும் கேட்கவில்லை.

அண்ணனின் கையில் என் பெட்டியையும் முடி மூட்டையையும் கொடுத்து வாசலுக்குக் கூட்டிப்போனேன். வார்டர் எங்களைப் பார்த்தார், சாவிக்கொத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காவல்காரர் முதலில் என் தலையைப் பார்த்தார், பிறகு அவர் தலையைப் பார்த்தார்.

"இவர் எப்ப உள்ள வந்தாரு?"

"காலையில, நீங்க டீ குடிக்கப் போயிருந்தப்ப. எனக்கு ஒத்தாசைக்கு."

பணி நேரத்தில் டீ குடிக்கப் போனதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனசில்லை. "முடி இருக்கு. போங்க," என்றார்.

டீக்கடையில் தையல்காரர் எழுந்து நின்றார். அண்ணன் சட்டையில் மேல் பொத்தான் போடாமல் இருந்தது. அதைப் போட்டுவிட்டார்.

"என் பேர வாங்கிட்டுப் போயிட்டானேடா," என்றார் அண்ணன்.

"பேர்தானே, போகட்டும் அண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இருவரும் தூரத்து ஊர் ஒன்றுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் விலாசம் தெரியும்.

அடுத்த செவ்வாயிலிருந்து நாற்பத்தொன்று வரிசையில் ஒழுங்காகக் கடைசியில் உட்கார்ந்தார். தலை சொட்டவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் சுற்றிவரும்போது ஆளுக்கு நாலு கேள்வி கேட்பார். மற்றவர்கள் நியாயம் பேசுவார்கள், அழுவார்கள், என் வீட்டுக்கு எழுதுங்கள் என்பார்கள். இவர் பேசவே மாட்டார். சண்டை இல்லை, சிரிப்பு இல்லை, பசி இல்லை, மனு இல்லை. தன் வாழ்நாளெல்லாம் டாக்டர் தேடிய நோயாளி இவர்தான். இரண்டு வருஷம் பார்த்தார். பூரண குணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எங்கள் அப்பாவுக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்.

எனக்கு விஷயம் தெரியாது. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணன் வந்திருக்கான்," என்றாள். சந்தோஷமாகச் சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

நடு அறையில், சுவரைப் பார்த்தபடி, நாற்காலியில் ஒரு பிடரி.

அந்தப் பிடரியை எனக்குத் தெரியாதா?

அப்பா எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பல வருஷம் கழித்து அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "இப்பத்தான்டா மனுஷனா இருக்கான்," என்றார். "சொன்ன பேச்சு கேக்கறான். உக்காருன்னா உக்கார்றான். எதுத்து ஒரு வார்த்தை? ஊஹூம்."

"அப்பா, அவர் மூஞ்சியப் பாத்தீங்களா?"

"பாக்காம? என் பிள்ளைதானே."

"எப்படி இருக்கு?"

அப்பா யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

எல்லோரும் முகத்தைப் பார்த்ததாகத்தான் சொன்னார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால்தான் யோசித்தார்கள். நான் மட்டும் பார்த்ததே இல்லை. எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் எனக்குப் பிடரிதான் கிடைத்தது. அம்மா ஒரு நாள் அவர் தலையைத் துவட்டிவிட்டாள். அப்புறம் கையைத் துணியில் துடைத்தாள், துடைத்தாள், இருட்டுகிறவரை துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் அடுத்து யாரை வண்டியில் ஏற்றுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மூன்று மாதத்தில் சித்தப்பா ஒரு பெண் பார்த்துவிட்டார். பெண்ணின் அப்பாவும் மாமாவும் வந்தார்கள். மாப்பிள்ளையை அறை வாசலில் நின்று பார்த்தார்கள்.

"ரொம்ப அடக்கமான பையன்," என்றார் பெண்ணின் அப்பா.

"வாயத் தொறக்க மாட்டான்," என்றார் சித்தப்பா பெருமையாக.

பெண்ணின் போட்டோ மேஜைமேல் கிடந்தது. இருபது வயது இருக்கும். போட்டோக்காரர் சொன்னதைக் கேட்காமல் சிரித்துவிட்ட முகம்.

நான் வாழ்க்கையில் எவ்வளவோ கதை விட்டிருக்கிறேன். பொய் சொல்லி ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை. அன்றைக்கு ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன். இவர் என் அண்ணன் இல்லை, இவர் செத்து அறுபது வருஷம் ஆகிறது, ஆஸ்பத்திரித் தொட்டியில் கிடந்த ஆள், நான்தான் என் கையால் மழித்து என் அண்ணன் பேரில் ஏற்றிவிட்டேன், உங்கள் பெண்ணைக் கொடுக்காதீர்கள் என்றேன்.

பெண்ணின் அப்பா போட்டோவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "குடும்பத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றார் அப்பாவிடம். அவர் கை காட்டியது என்னை.

பெண் தப்பித்தாள். அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

சித்தப்பா என் தோளில் கை போட்டார். "வா, ஒரு ஆளப் பாத்துட்டு வரலாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தத் தாழ்வாரத்தில், சுவரைப் பார்த்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கத்தி வேறொருவர் கையில். புது ஆள், பிடி சரியில்லை. சொன்னேன். நோயாளி எங்கேயாவது யோசனை சொல்வானா? இரண்டு இடத்தில் கிழித்துவிட்டார். வார்டர் வந்து பார்த்துவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போனார். குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

"பேரு?"

சொன்னேன். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

விஷயம் கேள்விப்பட்டு என் நிஜ அண்ணன் ஒருமுறை வாசல்வரை வந்தார். இவனுக்கு நான் அண்ணன், கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றார். ரெஜிஸ்டரைப் பார்த்தார்கள். "இவர் அண்ணன் போன வாரம்தானே வந்துட்டுப் போனாரு, கையெழுத்து இருக்கே. நீங்க யாரு?" என்றார்கள். மதிலுக்கு வெளியே நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போனார். எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் தையல்காரர் எழுதிய கடிதம் ஒன்று வந்தது, அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று.

ஆமாம், அண்ணன் பெயரை வாங்கிக்கொண்ட அவர் வந்துகொண்டுதான் இருந்தார். மாதம் ஒரு தடவை. சொந்தக்காரர்கள் எட்டிப்பார்க்காத அந்த இடத்தில், ஒருநாள் தவறாமல் பார்க்க வந்தது அந்த ஒருவர்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவார். பழம் கொண்டுவருவார். பழம் எப்போதும் ஈரமாக இருக்கும்.

"வீட்டுக்குப் போகலாம், தம்பி," என்பார்.

நான் வர மாட்டேன் என்பேன். அவரோடு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, ஒவ்வொரு டாக்டரிடமும் இந்தக் கதையை ஒரு வார்த்தை குறையாமல் சொல்லிவந்தேன். குணமாகவில்லை என்று எழுதினார்கள். அந்த ஆஸ்பத்திரியில் உள்ளேயே இருப்பதற்காக உழைத்த ஒரே ஆள் நான்தான். நடுவில் அப்பா போனதாகக் கடிதம் வந்தது. பிறகு சித்தப்பா. அம்மா போய்ப் பத்தொன்பது வருஷம்.

"அவங்கள்லாம் இப்ப ரொம்ப அமைதியாயிட்டாங்க," என்றார் அவர், ஒரு மாதம்.

நான் பழத்தைத் தொடவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியை மூடுகிறார்கள். யாரையும் இப்படி அடைத்துவைக்கக் கூடாது என்று புதுச் சட்டமாம். நல்ல சட்டம். நாற்பது வருஷம் முன்னால் வந்திருக்கலாம். புது டாக்டரம்மா சின்ன வயது, அன்பானவர். என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"தாத்தா, இதுக்காக உங்கள உள்ள வச்சிருக்க முடியாது. உங்க அண்ணனே கையெழுத்துப் போட்டுட்டாரு. எவ்வளவு பொறுமையா காத்துட்டிருக்காரு தெரியுமா?"

"அவர் மூஞ்சி எப்படி இருக்கு டாக்டரம்மா?"

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார்.

மணி நான்கு. ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். நல்ல வெயில். மரத்தடியில் ஒரு வேன், பின்பக்கம் எங்களைப் பார்த்தபடி நிற்கிறது. டிரைவர் சீட்டில் ஒரு பிடரி. அது எனக்குத் தெரிந்த பிடரி.

பின் சீட்டில் இன்னும் மூன்று.

வலது ஓரத்தில் அப்பாவின் ஒட்டிய காது. நடுவில் சித்தப்பாவின் தடித்த கழுத்து. இடது ஓரத்தில் இருப்பது அம்மா. அம்மாவுக்கு முழங்கால்வரை முடி இருந்தது. மூன்று பேருக்கும் பளிச்சென்று மொட்டை. இப்போதுதான் மழித்த மாதிரி, வெயிலில் மினுங்குகிறது.

தொழில்காரன் கண் சும்மா இருக்குமா? வேலையைப் பார்த்தேன். பிடரிக் குழியில் கத்தியைக் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் இழுத்து, இடது காதுக்குப் பின்னால் கொண்டுபோய் முடித்திருக்கிறது. அப்படி முடிக்கிறவர்கள் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. அது என் கை. நான் கத்தியைத் தொட்டு முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

"வேன்ல யாருமே இல்ல தாத்தா, தாராளமா உக்காரலாம்," என்கிறார் டாக்டரம்மா. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பண்டக அறையிலிருந்து என் பழைய சவரப் பெட்டியைக் கொண்டுவந்து என் தோளில் மாட்டுகிறார்.

"மறந்தே போச்சு. உங்க அண்ணன் இதையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு," என்கிறார். "வீட்ல இன்னும் நிறைய பேர் வரிசையில உக்காந்திருக்காங்களாம்."